நேராகத்தான் ஓட்டினார்

நான் பொய் சொன்னேன். அந்தப் பொய்யின் பழியை இன்னொருவர் சுமப்பதைப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதலிலேயே சொல்லிவிட்டேன், பிறகு நீங்கள் என்ன நினைத்தாலும் சரி.

சாலையை அளக்கும் வண்டியில் எனக்கு வேலை. முன்னால் லேசர், கூரையில் கேமரா. வண்டி ஓட ஓட, சாலையின் மேடுபள்ளம் என் திரையில் ஒரு கோடாக ஓடும். ஓட்டுநர் முருகேசனுக்கு ஒரே விதி: அளக்கும்போது எந்தப் பள்ளத்துக்கும் ஒதுங்காமல் நேராக ஓட்ட வேண்டும். எனக்கும் ஒரு விதி உண்டு, முருகேசனுக்குத் தெரியாதது. தண்ணீர் நின்றால் அளக்கக் கூடாது, ஏனென்றால் லேசருக்கு நீரின் அடி தெரியாது.

அன்று ஆம்பூருக்கு வெளியே, முருகேசன் குடியிருக்கும் ஊர்ச் சாலை. விடியும்வரை மழை. பள்ளங்களெல்லாம் நிரம்பி, வானம் சாலையில் இறங்கிக் கிடந்தது... மேகங்களின் மேலேயே போய்க்கொண்டிருந்தோம். தோல் ஆலைகளின் நெடிகூட எங்கோ தொலைவில்... திரையில் கோடு அசையாமல் நீண்டது. எத்தனை அழகு! நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை. மயக்கம் என்கிறேன், சோம்பல் என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன். இன்னொரு நாள் வர அலுப்பாகவும் இருந்தது.

'சாலை ஈரமா, உலர்ந்ததா?' என்று திரை கேட்டது. 'உலர்ந்தது' என்பதைத் தொட்டேன்.

சாலை நன்றாக இருப்பதாக அறிக்கை போயிற்று. பழுதுபார்க்கும் பட்டியலில் அது இல்லை.

சில மாதங்களில், அதே சாலையின் பள்ளத்தில் முருகேசனின் மனைவி செல்வி ஸ்கூட்டியோடு விழுந்தார். ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் இருந்தவர். வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. இனி அந்தக் கை தையலுக்கு வராது என்றார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் முருகேசன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என் தப்புதான் சார். டெய்லி நான் ஒதுங்கிப் போற பள்ளம் அது. அன்னிக்கும் கை தானா ஸ்டீயரிங்க ஒடிச்சிருக்கும். அதான் மிஷினு பாக்காம வுட்டுடுச்சி."

"விடுங்க முருகேசன்" என்றேன். அவ்வளவுதான்! எவ்வளவு வசதியாக ஒளிந்துகொண்டேன்!

அவர் ஒதுங்கவே இல்லை. கேமரா எடுத்த படங்கள் என்னிடம் இருக்கின்றன. வண்டி நேராக, அந்த மேகங்களின் மேல்தான் போயிருக்கிறது. ஏன் காட்டவில்லை? வேலை போய்விடும் என்றா? என்மேல் அவர் வைத்திருக்கும் மரியாதை போய்விடும் என்றா?... இரண்டும்தான்.

ஒருநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். செல்வி டீ கொண்டுவந்தார்.

"இடது கையால குடுக்கறேன், தப்பா நெனச்சிக்காதீங்க சார்."

என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்... என்னிடம்! வாங்கிக் குடித்தேன்.

இப்போது முருகேசன் எந்தப் பள்ளத்துக்கும் ஒதுங்குவதில்லை. அளக்காத நேரத்திலும்தான்.

"இப்ப சும்மாதானே போறோம், ஒதுங்கிப் போங்களேன்" என்றேன் நேற்று.

"வேணாம் சார். மறுபடி அந்தப் பழக்கம் வந்துடும்."

திரை அணைந்திருந்தது. முன்னால் ஒரு பள்ளம், நிறைய வானம். அவர் நேராக இறக்கினார். நான் கைப்பிடியைப் பற்றிக்கொண்டேன்.