பேச்சா, பழக்கமா

சிதம்பரத்தில் நான் நடத்தும் பாடம் மொழித் தத்துவம். சொல் என்பது பொருளுக்கு இட்ட பெயர் என்று சிலர் சொன்னார்கள். மனதில் ஓடும் எண்ணத்தின் வெளி அடையாளம் என்று வேறு சிலர். இரண்டும் இல்லை, ஒரு சொல்லை நாம் எப்படிப் புழங்குகிறோமோ அதுதான் அதன் அர்த்தம் என்று இன்னும் சிலர். பல வருஷமாக இதை மூச்சுவிடாமல் ஒப்பித்து வந்தேன். போன வருஷம் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. அதற்குப் பிறகு ஒரு நாள் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, "சார், வார்த்தையே இல்லாம யோசிக்க முடியுமா?" என்று கேட்டாள். அடுத்த வகுப்பில் பார்ப்போம் என்று உட்காரச் சொன்னேன். அந்த அடுத்த வகுப்பு இன்னும் வரவில்லை.

கடலூர் முதுநகரில் எங்கள் வீடு. மனைவிக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போனது. மிஞ்சியது 'சரி' என்ற ஒரே சொல். தாகம் என்றால் 'சரி', வலி என்றால் 'சரி', கோபத்தில் தட்டைத் தள்ளிவிடும்போதும் 'சரி'. கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன எதற்கும் அவள் சுலபத்தில் சொல்லாத வார்த்தை அது.

சாயங்காலம் வீடு திரும்பும் பஸ் புதுச்சத்திரம் தாண்டும்போதே, இன்று அவளிடம் என்ன பேசுவது என்று யோசிக்கத் தொடங்குவேன். பகலில் அவளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் நான் வந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர். பேசுவது நான் மட்டும். பஸ்ஸில் நடந்த சண்டையைச் சொல்வேன், கேள்வி கேட்பேன், பதிலையும் நானே யூகித்துக்கொள்வேன். பெங்களூரிலிருந்து மகள் போன் செய்து, "அம்மா பேசுறாங்களாப்பா?" என்பாள். "பேசுறா" என்பேன். நான் புளுகுகிறேன் என்று அவளுக்குத் தெரியும். தனியாக இருப்பவன் தனிமை என்றாவது சொல்லிக்கொள்ளலாம். எனக்கு அதுவும் இல்லை.

அக்டோபர், ஜெபமாலை மாதம். ஒரு சாயங்காலம் மாதா கோயில் ஒலிபெருக்கியில் யாரோ 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்கும் மங்கள வார்த்தை ஜெபத்தின் முதல் பாதியைச் சொன்னார். மறு பாதியைக் கூடியிருப்பவர்கள் சொல்வது எங்கள் வழக்கம். அது கட்டிலிலிருந்து வந்தது. தடுக்கல் இல்லாமல், கடைசி ஆமென் வரை, அவளுடைய பழைய குரலில். என் கையிலிருந்த டவரா கீழே விழுந்தது.

டாக்டரிடம் ஓடினேன். "சின்ன வயசுலேர்ந்து சொல்லிப் பழகினது சார், தானா வரும். அதைப் பேச்சுன்னு நெனச்சிக்காதீங்க. பழக்கம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எனக்குக் கடவுள் நம்பிக்கை போய் வெகுகாலம் ஆகிறது. முன்பெல்லாம் வீட்டில் ஜெபம் நடக்கும்போது நான் புத்தகத்தோடு நாற்காலியில் இருப்பேன். முடிந்ததும் அவள் வலது கட்டைவிரலால் மகளின் நெற்றியில் சிலுவை போடுவாள். அப்படியே என் நெற்றிக்கும் வருவாள். "விடுடி" என்று தலையைத் திருப்பிக்கொள்வேன். அவள் ஒருநாளும் விட்டதில்லை.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்று அவளுடைய ஜெபமாலையை எடுத்துக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்தேன். முதல் பாதியை நான் சொன்னேன். மறு பாதியை அவள் சொன்னாள். நடுவே நிறுத்தி, "தண்ணி வேணுமா?" என்றேன். 'சரி'. "நான் யாருன்னு தெரியுதா?" அதற்கும் 'சரி'. மாதாவுக்கு முழு வாக்கியம், எனக்கு ஒற்றைச் சொல். பொறாமையாக இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஆனாலும் அன்றிலிருந்து தினமும் சொன்னோம். அந்த வீட்டில் எனக்குப் பதில் கிடைத்த நேரம் அது ஒன்றுதான். பதில் சொல்வது அவளா, அவளுடைய பழக்கமா என்றுதான் தெரியவில்லை.

மாதம் முடிவதற்குள் ஒரு நாள், ஜெபம் முடிந்து மணிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். போர்வைக்குள்ளிருந்து அவளுடைய இடது கை வெளியே வந்தது. தண்ணீர் கேட்கிறாள் என்று செம்பை எடுக்கக் குனிந்தேன். கட்டைவிரல் முதலில் என் மூக்குக்கண்ணாடியில் இடித்தது, பிறகு புருவத்தில். அப்புறம் நெற்றியைக் கண்டுபிடித்து, மேலிருந்து கீழே ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு, கோணலாக இழுத்தது.

அது வலது கை செய்து பழகிய வேலை. இடது கை அதை ஒருநாளும் செய்ததில்லை. அவள் நினைத்துத்தான் அதைத் தூக்கியிருக்க வேண்டும்.

கையை இறக்காமல் என்னையே பார்த்தாள். நான் தலையைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"சரி" என்றேன். எனக்கு வேறு வார்த்தை வரவில்லை.