லாரியில் ஏறாத பெட்டிகள்

2009இல் ஈழத்தில் போர் உச்சத்தில் இருந்தது. அதுவரை கோலப்போட்டி நடத்திக்கொண்டிருந்த எங்கள் சிதம்பரம் மகளிர் மன்றம் அப்போது நிவாரணப் பொருள் சேர்க்க இறங்கியது. அரிசியும் போர்வையும் மற்றவர்கள் தரட்டும், நாம் நாப்கின் அனுப்புவோம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.

"ஆம்பளைங்க லாரியில ஏத்துவாங்க, நல்லாவா இருக்கும்?" என்று மன்றத் தலைவி ஒவ்வொரு பாக்கெட்டையும் மருந்துக்கடையில் தருவதுபோல் பழைய பேப்பரில் சுற்றவைத்தார். பெட்டிகளின் மேல் பொருளின் பெயர் எழுதவும் விடவில்லை.

மறுநாள் லாரி போய்விட்டது. எங்கள் பெட்டிகள் மட்டும் மன்ற வாசலிலேயே கிடந்தன. லாரிக்காரருக்குப் போன் போட்டேன்.

"தெறந்து பாத்தோம்க்கா, ஒரே பேப்பரா இருந்துச்சு. குப்பைன்னு வச்சிட்டு வந்துட்டோம்."

குண்டுகளுக்கு நடுவில் பிள்ளைகளோடு ஓடிக்கொண்டிருந்த பெண்களை நினைத்துக்கொண்டே லாரிக்காரர் சொன்னதைத் தலைவியிடம் சொன்னேன். தலைவியோ பெருமூச்சு விட்டார்.

"நல்லவேளை, பேப்பரப் பிரிச்சுப் பாக்கல."