ஒரு பல் குறைத்தேன், வண்டி மேடேறியது

சமதளத்தில் என் பைக் ராஜா. திருப்பதியிலிருந்து புத்தூர் வரை அதை ஒரு குறை சொல்ல முடியாது. பிச்சாட்டூரைத் தாண்டி என் மாமியார் ஊர் மேடு வந்தால்தான் மூச்சு வாங்கும். ஏ.சி. மாட்டுகிற என் வேலைக்கு ஏணியும் குழாயும் சுமந்தே அது அலுத்துப்போயிருந்தது. மேட்டின் பாதியில் ஒரு வேப்பமரம். அங்கே வந்ததும் வண்டி முனக ஆரம்பிக்கும், என் மனைவி இறங்கி மீதி மேட்டை நடந்தே ஏறுவாள்.

கல்யாணமான நாள் முதல் இதே கூத்து. மேட்டடியில் ஒரு டீக்கடை. அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு எங்களைவிட நல்ல பொழுதுபோக்கு கிடையாது. "தோ பாரு, சின்ன மாப்ள வண்டி நின்னுபூடுச்சி!" என்று கத்துவார்கள். இதில் என் சகலை வேறு, அவள் அக்கா வீட்டுக்காரர், அக்காவைப் பின்னால் வைத்துக்கொண்டு விர்ரென்று எங்களைத் தாண்டிப் போவார். ஹாரன் அடித்துவிட்டுத்தான் போவார், மனுஷன்!

போன வருஷம் அந்த ஊர்த் திருவிழாவுக்கு, ஜாத்தரைக்கு, போய்வந்த அன்றே என் மனைவி தீர்த்துச் சொல்லிவிட்டாள். "இன்னொரு வாட்டி வேப்பமரத்தாண்ட என்ன எறக்கி உட்டின்னா, அப்பறம் அம்மா ஊட்டுக்கு நான் பஸ்லதான் போவேன் மாமா. நீ தனியா வண்டி ஓட்டிக்கினு வா." சொன்னதைச் செய்கிறவள். மாமியார் வீட்டில் மாப்பிள்ளை தனியாகப் போய் இறங்குவதைப்போல ஒரு அசிங்கம் உண்டா?

இந்த வருஷ ஜாத்தரைக்கு முன்னால், திருப்பதியில் எப்போதும் வண்டி விடுகிற மெக்கானிக்கிடம் அழாத குறையாகச் சொன்னேன். அவர் தெலுங்குக்காரர். "இஞ்சின் பாகுந்தி அண்ணா. முந்து ஸ்பிராக்கெட் சின்னதி வேத்தாம்" என்றார். இஞ்சின் நன்றாகத்தான் இருக்கிறது, முன்னால் செயின் ஓடுகிற பல்சக்கரத்தைச் சின்னதாகப் போடுவோம் என்கிறார். பதினாலு பல் இருந்த இடத்தில் பதிமூன்று. இழுவை கூடுமாம், ஆனால் ரோட்டில் பறக்க முடியாதாம். பறந்து நான் எங்கே போகப்போகிறேன்? போடச் சொன்னேன். ஒற்றைப் பல்லில் என்ன ஆகிவிடும் என்று சந்தேகம்தான். கடை வாசலில் கிளட்சை விட்டதும் வண்டி பாய்ந்தது பாருங்கள், அடேயப்பா!

ஜாத்தரைக்குக் கிளம்பினோம். எங்கள் இருவருக்கும் நடுவில், சாக்கில் கட்டிய ஒரு பலாப்பழம், மாமியாருக்கு. மேட்டடி வந்ததும் அவள் நிறுத்தச் சொன்னாள். வண்டியில் புதிதாக எது மாட்டினாலும் எங்கள் பக்கம் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாக வேண்டும். இறங்கி, முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக வைத்துவிட்டு, "ஏத்து மாமா" என்றாள்.

இங்கேதான் எங்கள் பழக்கம் காலை வாரியது. மேட்டடியில் ஆள் ஏறி உட்கார்ந்துவிட்டால் முன்பெல்லாம் வண்டி கிளம்பாது. அதனால் நான் முதலில் மெல்ல நகர்த்துவேன், அவள் கூடவே ஓடிவந்து தாவி உட்காருவாள். அன்றும் நகர்த்தினேன். எலுமிச்சம்பழம் நசுங்கியது. முதுகில் பொத்தென்று ஒரு இடி. ஏறிவிட்டாள் என்று முறுக்கினேன். டீக்கடையில் கத்தினார்கள், வழக்கமான கேலிதானே! வேப்பமரம் வந்தது, போனது, ஒரு முனகல் இல்லை! "பாத்தியாடி! எறங்கினியா நீ? உங்க அக்கா புருசன் வண்டி இன்னா பெரிய வண்டி?" என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே போனேன். பதில் இல்லை. வாயடைத்துப்போய்விட்டாள் என்று எனக்கு ஒரே பெருமை.

வாசலில் மாமியார் நின்றிருந்தார். "இன்னா மாப்ள, எம்பொண்ணு எங்க?"

திரும்பிப் பார்த்தேன். என் முதுகில் சாய்ந்துகொண்டிருந்தது பலாப்பழம்.

அக்காவோடு முன்னாலேயே வந்திருந்த சகலை விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சிரித்து முடிப்பதற்குள் என் மனைவி மேடு முழுவதும் நடந்தே வந்து சேர்ந்தாள். "மேட்டுல எறக்கி உடாதன்னு சொன்னேனே மாமா. இப்ப ஏறவே உடலியே!" எனக்கு அவமானத்தில் கண்ணே கலங்கிவிட்டது. வண்டி ஏறியது நிஜம்தான். அவள் இல்லாமல் ஏறி என்ன பிரயோஜனம்?

"வாடி, கீழ போயி இன்னொரு வாட்டி ஏறலாம்" என்று எல்லார் எதிரிலும் கெஞ்சினேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதை அவள் ஒருமுறை பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

டீக்கடை எதிரில் வண்டியைத் திருப்பி நிறுத்தினேன். "ஒக்காந்துக்கினியா?"

"ம்."

"கெட்டியா?"

"ஒக்காந்துக்கினுதான் கீறேன், ஓட்டு!"

வேப்பமரத்தடியில் பழக்கதோஷத்தில் அவள் கால் தரையைத் தேடி நீண்டது. "எறங்காத!" என்று கத்தினேன். காலை மடக்கிக்கொண்டு என் இடுப்பைப் பிடித்தாள். வண்டி நிற்கவில்லை, முனகவில்லை, நேராக வாசலில் போய்த்தான் நின்றது.

மாமியார், அக்கா, சகலை எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். என் மனைவி இறங்கவில்லை.

"அம்மா, ஒரு சொம்பு தண்ணி கொண்டாம்மா" என்றாள், அக்காவைப் பார்த்துக்கொண்டே, வண்டிமேல் உட்கார்ந்தபடியே.