ஓட்டை போட்ட வில்லை

வங்கதேசப் போர் நடந்த வருஷம் சில்லறைக் காசெல்லாம் எங்கே போய் ஒளிந்துகொண்டதோ தெரியவில்லை. நன்னிலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் மளிகைக்கடைக்காரர் பிஸ்கட் டப்பாத் தகரத்தை வட்ட வில்லைகளாக வெட்டி, தன் பெயரின் முதலெழுத்தைக் குத்தி, அதையே காசாக விட்டார். அவர் பண்ணையாரின் மைத்துனர். ஆகவே பண்ணையில் கூலியும் வில்லையாகவே வந்தது. கோட்டையில் ஏழைகளின் ஆட்சி நடப்பதாக மேடைக்கு மேடை பேசினார்கள். எங்கள் தெருவை ஆண்டது இந்தத் தகரம்தான்.

சம்பா அறுவடைக்குக் கூலியை உயர்த்தக் கேட்டு எங்கள் தெரு அரிவாளைக் கீழே வைத்தது. முன்னால் நின்றவர் பெரியப்பா, அவருக்குப் பக்கத்தில் அப்பா. கடைக்காரர் உடனே ஒரு சட்டம் போட்டார். நடுவில் ஓட்டை உள்ள வில்லைதான் இனிச் செல்லும். அறுப்புக்கு வருகிறவர்களுக்கு மட்டும் அவரே ஓட்டை போட்டுத் தருவார். களையெடுத்துச் சேர்த்த எங்கள் கூலி முழுவதும் வெறும் தகரமாகிவிட்டது.

அடுப்பு எரியாத ஒரு மத்தியானம், தம்பி அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தான். அப்பா வீட்டில் இல்லை. அம்மா ஆணியை வைத்துக் கல்லால் தட்டி, நாலைந்து வில்லைகளில் ஓட்டை போட்டு என்னிடம் கொடுத்தாள். எது கேட்டாலும் வாயைத் திறக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினாள்.

கடைக்காரர் ஒரு வில்லையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எங்கள் ஓட்டையின் விளிம்பு கிழிந்து துருத்திக்கொண்டிருந்தது. அதை விரலால் தடவினார். மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். அவரோ சிரித்தபடி, படியைத் தலைதட்டாமல் குவியலாக என் பாவாடை மடியில் அரிசி அளந்தார். கையில் ஒரு வெல்லக்கட்டியும் வைத்தார். பிறகு போகிறவர் வருகிறவர் காதில் விழும்படி, "உங்கப்பன்தான் பொழைக்கத் தெரிஞ்சவன்" என்றார்.

அவரை ஏமாற்றிவிட்ட பெருமையில், எல்லோரும் பார்க்கட்டும் என்றே மெதுவாக வீட்டுக்கு நடந்தேன்.

சாயங்காலம் பெரியப்பா வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"அறுப்புக்குப் போறதுன்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லடா."

அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மா ஆணியை எடுத்துவந்து காட்டி, நடந்ததைச் சொல்லி அழுதாள். பெரியப்பா அந்த ஆணியை வாங்கிப் பார்த்தார்.

"ஆணி ஓட்டைக்கு அவன் அரிசி போடுவானா?"

ஆணியை வாசலில் போட்டுவிட்டுத் திரும்பி நடந்தார்.

மறுநாள் இரண்டு வீட்டார் வயலில் இறங்கினார்கள். அவனே போய்விட்டானாம், நமக்கென்ன என்று பேசிக்கொண்டார்களாம். அதற்கடுத்த நாள் பாதித் தெரு போனது. கேட்ட கூலி கிடைக்கவில்லை. கடைசிவரை அரிவாளைத் தொடாத அப்பாவுக்குத் துரோகி என்ற பட்டம் சாகும்வரை ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அன்று எனக்கு எரியவில்லை. அந்த ஊரில் எங்கள் பசி அறிந்து அளந்தவர் கடைக்காரர் ஒருவர்தான் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.