காசம்மாள் மறந்த வீடு

சிராஜுதீனுக்குப் புள்ளிவிவரம் என்றால் உயிர். வில்லியனூரில் துணிக்கடை வைத்திருந்த குடும்பம். சென்னைக்குப் போய்ப் படித்துவிட்டு, யானைக்கால் நோய் ஆராய்ச்சிக் குழுவில் கணக்கு நிபுணராக வந்து உட்கார்ந்தவர். வீடு வீடாகப் போய் விசாரித்துத் தாளில் குறித்துவரும் காசம்மாளிடம் மட்டும் அவர் நின்று பேசியதே இல்லை. தாள் வந்தால் போதும், ஆள் எதற்கு என்கிற மிதப்பு.

எழுபத்தெட்டாம் வருஷம் கணக்கு முடிந்தது. நூறு ஆண்களில் ஒன்பது பேருக்குக் கால் வீக்கம், நூறு பெண்களில் இரண்டே பேருக்கு. பெண்களுக்கு இயற்கையிலேயே எதிர்ப்புச் சக்தி அதிகம் என்று கூட்டத்தில் இங்கிலீஷில் வெளுத்து வாங்கினார். குழுத் தலைவர் டாக்டர் சுப்பராயலு தலையாட்டினார். அப்படியென்றால் சிகிச்சைக்கு ஒரே அறை போதும், பெண்களுக்குத் தனி அறையும் லேடி டாக்டரும் வேண்டாம் என்று முடிவாகப் போன நேரத்தில், பின்னால் நின்ற காசம்மாள் வாயைத் திறந்தாள்.

“சார், பொம்பளைங்க காலைக் காட்ட மாட்டாங்க சார். கல்யாணம் ஆவாத பொண்ணு இருந்தா வூட்டு ஆளுங்களே இல்லன்னுடுவாங்க. வில்லியனூர்ல ஒரு வூட்ல பொண்ணு காலை இழுத்துக்கினு உள்ள போனத நானே பாத்தேன். அம்மாக்காரி இல்லன்னாங்க, நானும் இல்லன்னு எழுதிட்டேன்.”

“எந்த வூடும்மா?” என்றார் டாக்டர்.

காசம்மாள் சிராஜுதீனை ஒரு தடவை பார்த்தாள். “மறந்துட்டேன் சார்.”

சிராஜுதீனுக்கு எந்த வீடென்று தெரியும். அது அவர் வீடு. காலை இழுத்து நடந்தது தங்கை ரசியா. அந்தத் தாளைப் பொய் என்று தெரிந்தே கணக்கில் கூட்டியவரும் அவர்தான். ஆனாலும் உண்மையைச் சொல்லவில்லை. பெண்கள் கணக்கை லேடி டாக்டரோடு போய்த் திரும்ப எடுக்கலாம் என்று மட்டும் சொல்லி நழுவினார்.

அடுத்த மாதம் காசம்மாள் லேடி டாக்டரோடு அவர் வீட்டு வாசலுக்கே வந்தாள். கடலூரிலிருந்து ரசியாவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. “எங்க வூட்ல அப்டி யாரும் இல்லம்மா,” என்றாள் அம்மா. சிராஜுதீன் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். ஒரு வார்த்தை போதும், வாய் வரவில்லை. வாசலில் கிடந்த அவருடைய ஆபீஸ் செருப்பைக் காசம்மாள் பார்த்தாள். பிறகு குனிந்து, இல்லை என்றே எழுதினாள்.

புதுக் கணக்கில் நூறு பெண்களில் எட்டுப் பேர் என்று வந்தது. தனி அறை கிடைத்தது. சிராஜுதீனுக்கு நல்ல பேரும் கிடைத்தது. கடலூர்க்காரர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள்.

அதன்பின் கணக்கு வேலைக்குப் புதிதாகச் சேர்பவர்களுக்கெல்லாம் அவர்தான் பயிற்சி கொடுத்தார். “தாளைக் கூட்டறதுக்கு முன்னால, அத எழுதினவங்களோட ஒரு நாள் நடந்து போங்க. என்ன எழுதாம வுட்டீங்கன்னு கேளுங்க,” என்பார். காசம்மாளை முன் நாற்காலியில் உட்காரவைத்து அந்தக் கூட்டத்துக் கதையைச் சொல்வார். யார் வீடு என்பதை மட்டும் விழுங்கிவிடுவார்.

எண்பத்துமூன்றில் பயிற்சிக்கு வந்த ஒருவன் கேட்டான். “மறந்துபோன அந்த வூடு ரெண்டாவது கணக்குல வந்துதா சார்?”

காசம்மாள் அவசரமாக, “அது எனக்கு...” என்று ஆரம்பித்தாள்.

“அவங்க மறக்கல,” என்றார் சிராஜுதீன். “ரெண்டாவதுலயும் வரல. அது எங்க வூடு.”

மறுநாளே ரசியாவைப் பெண்கள் சிகிச்சை அறைக்கு அழைத்துப் போனார். செருப்புக்குள் நுழையாத அளவுக்குக் கால் வீங்கியிருந்தது. இவ்வளவு நாள் ஏன் வரவில்லை என்றாள் லேடி டாக்டர்.

“எங்கிட்ட யாரும் கேக்கல டாக்டர்,” என்றாள் ரசியா.