அசைவில்லாத குளிரில் சம்பாதித்த காசு

அன்னக்கொடி தன் அண்ணன் ஆண்டிச்சாமிக்கு நாற்பதாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தாள். மகன் சக்திவேலைக் கல்லூரியில் சேர்க்க வாங்கியது. உடன்பிறந்தவளிடம் வட்டி வாங்கினால் வில்பட்டி ஊரே காறித் துப்பும். அதனால் ஆண்டிச்சாமி வட்டி என்று வாய் திறக்கவில்லை. பூண்டு எடுக்கும்போதெல்லாம் அவளைக் கூலியில்லாமல் கூப்பிட்டுக்கொண்டார். மூன்றாம் வகுப்போடு நின்று, மூட்டை தூக்கி, மூன்று ஜீப் வாங்கியவர். இந்த மலையில் அவரைப்போல் தலையெடுத்தவன் எவன்? கடன் அடையாதவரை தங்கை அவர் களத்தில் குனிந்தேதான் கிடப்பாள்.

2009 புரட்டாசியில் சக்திவேல் ஜெர்மனியிலிருந்து வந்தான். கூலியாட்களோடு அம்மா பூண்டுத் தாள் அறுத்துக்கொண்டிருந்த களத்துக்கே கடனை அடைக்கும் பணத்தோடு வந்து மாமன் முன்னால் நின்றான்.

"ஏலே, என்ன சோலி பாத்த காசு இது? வெளங்கும்படி சொல்லு. அப்பத்தான் தொடுவேன்." அவனால் அது ஆகாது என்பதில் ஆண்டிச்சாமிக்குச் சந்தேகமே இல்லை.

"அணுவக் குளிர வைக்கிறோம் மாமா. அசைவே அத்துப்போற குளிரு."

"குளிரா? தை மாச உறைபனியில வெறுங்காலோட உருளைக்கெழங்கு தோண்டினவன்டா நான்!"

"அந்தக் குளிருக்கு முன்னால உங்க உறைபனி கொதிக்கிற உலை மாதிரி மாமா. அதுல ஒரு அணுவ லேசர் வெளிச்சத்தால உசுப்பிவிட்டா, அதோட எலக்ட்ரான் ரொம்பத் தள்ளிப் போய்ச் சுத்தும். அந்த வளையத்துக்குள்ள இன்னொரு அணு சிக்கிக்கும். ரெண்டும் சேந்து ஒரே மூலக்கூறு. சாதாரண மூலக்கூறவிட ஆயிரம் மடங்கு பெருசு."

"பெருசுன்னா? பூண்டுப் பல்லுத் தண்டி இருக்குமா?"

"கண்ணுக்குத் தெரியாதுங்க."

களமே சிரித்தது. ஆண்டிச்சாமி மீசையை நீவிக்கொண்டார். "எம்புட்டு நேரம் நிக்கும்?"

"கண்ணச் சிமிட்டுற நேரங்கூட நிக்காது. பிடிப்பு அவ்வளவு லேசு. சூடேறி எதுவும் வந்து இடிச்சா பிஞ்சிரும். அதுக்குத்தான் அந்தக் குளிரு."

"பிஞ்சு போறதுக்குச் சம்பளம் குடுக்குறானா ஒரு கூமுட்டை! எடுத்துட்டுப் போலே. ஒங்காத்தா வெரசாத் தாளறுக்கட்டும்."

அன்னக்கொடி அரிவாளைக் கீழே போட்டாள்.

"வெளங்குனா வாங்குறேன்னீங்க. எழுதப் படிக்கத் தெரியாத எனக்கே வெளங்கிருச்சு. ரெண்டு அணு எட்ட நின்னு லேசா ஒட்டிக்கிருது, இடிச்சா விட்டுருது. உங்களுக்கு வெளங்கலையாண்ணே?"

அறுத்துக்கொண்டிருந்த கைகளெல்லாம் நின்றன.

"எனக்கா? எனக்கா வெளங்காது? அவன் வாயத் தொறக்கும்போதே வெளங்கிருச்சு!"

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது.

"அப்ப கைய நீட்டுங்க."

மகனிடமிருந்து ரூபாய்க் கட்டைப் பிடுங்கிய அன்னக்கொடி, களம் முழுக்கக் கேட்க வாய்விட்டு எண்ணி, ஒவ்வொரு தாளாக அண்ணனின் விரித்த உள்ளங்கையில் வைத்தாள்.