மூன்று நாற்காலியும் நானும்

அரசாங்க ஆபீஸில் ஆறு பேர் இருந்தால் வருகிறவர்களின் திட்டை ஆறாகப் பங்கு போட்டுக்கொள்ளலாம். ஒருத்தி மட்டும் இருந்தால் அவ்வளவும் அவளுக்கே. உங்கள் ஆபீஸிலும் ஆளைக் குறைத்திருந்தால் இந்தப் பாடு உங்களுக்குத் தெரியும், வாருங்கள், சேர்ந்து அழலாம்.

அந்த மேடம், இந்த மேடம்

படிப்பைப் பாதியில் விட்டவர்கள் வீட்டிலிருந்தே படித்து பத்தாவது, பன்னிரண்டாவது எழுத மத்திய அரசு நடத்தும் கல்வி அமைப்பு ஒன்று. அதன் தருமபுரி கிளையில் நாங்கள் ஆறு பேர் இருந்தோம். ஒருநாள் டெல்லியிலிருந்து ‘சீரமைப்பு’ என்று ஆர்டர் வந்தது. இரண்டு பேருக்கு டிரான்ஸ்ஃபர். ஒப்பந்தத்தில் இருந்த மூன்று பேருக்கு மறுநாளிலிருந்து வேலை இல்லை. மிச்சம் நான்.

ஆளைக் குறைத்த புண்ணியவான்கள் விதியைக் குறைக்கவில்லை. ஒரு மனுவை ஒரு சீட்டில் வாங்க வேண்டும், அடுத்த சீட்டில் சரிபார்க்க வேண்டும், மூன்றாவது சீட்டிலிருந்து மெட்ராஸ் மண்டல ஆபீஸுக்கு அனுப்ப வேண்டும். ரப்பர் ஸ்டாம்பும் ட்ரேயும் அந்தந்த மேஜையில்தான். ஆகவே நானே எழுந்து எழுந்து மூன்று நாற்காலியிலும் உட்கார்ந்து மூன்று கையெழுத்துப் போடுவேன். கம்பைநல்லூரிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், நான் இரண்டாவது நாற்காலிக்குப் போனதும் பேப்பரை நீட்டி, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொன்னார்: “அந்த மேடம் போட்டுட்டாங்க, நீங்களும் ஒண்ணு போட்டுடுங்கம்மா.”

ஃபாரம் எழுதிய செல்வி

மாரண்டஹள்ளி செல்வி மண்டியில் தக்காளி தரம் பிரிக்கிறவள். ஒன்பதாவதோடு நின்றவள், இரண்டு பிள்ளை பெற்ற பிறகு எங்களிடம் பத்தும் பன்னிரண்டும் எழுதிப் பாஸானாள். சொந்த ஊரிலேயே அங்கன்வாடி டீச்சர் வேலைக்கு மனுப் போட்டிருந்தாள். ஆனால் பத்தாவது சான்றிதழில் பிறந்த வருடம் தப்பாக அச்சாகி, ஒரே ராத்திரியில் அவளுக்குப் பத்து வயது கூடிப்போனது. அந்த வயதுக்கு வேலை கிடையாது. இன்டர்வியூவுக்குள் திருத்திய சான்றிதழ் கைக்கு வந்தாக வேண்டும்.

மூன்று முறை வந்தாள். மூன்று முறையும் “அனுப்பியாச்சு, மெட்ராஸ்லேருந்து வரணும்” என்றேன். வந்த தடவையெல்லாம் சும்மா இருக்க மாட்டாள். வரிசையைச் சரிபண்ணுவாள், தெரியாதவர்களுக்கு ஃபாரம் எழுதிக்கொடுப்பாள். மதியச் சாப்பாட்டை நான் மதியத்திலேயே சாப்பிட்டது அவள் வந்த நாட்களில்தான். எதற்கம்மா உனக்கு இந்த வேலை என்று கேட்டேன். “எல்லாம் நான் பூர்த்தி பண்ண ஃபாரந்தானுங்க மேடம், அவங்களாவது ஒரே தடவைல போய்ச் சேரட்டும்” என்றாள்.

எனக்கு நானே போட்ட ஆட்சேபணை

இன்டர்வியூவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது நாலாவது முறையாக வந்தாள். எனக்கே பொறுக்காமல் அனுப்பும் பதிவேட்டைப் புரட்டினேன். அவள் பெயரே இல்லை. அலமாரியெல்லாம் தேடிவிட்டுக் கடைசியில் முதல் மேஜை ட்ரேயில் கை வைத்தேன். அது கோவிந்தராஜ் அண்ணனுடையது, வேலை போன மூன்று பேரில் ஒருவர். அடுத்தவர் ட்ரேயில் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் ஆபீஸ் வழக்கம். ஆள் போய் மாதங்கள் ஆகியும், அதில் போடுவதோடு சரி, எடுத்துப் பார்க்க என் கை போகவில்லை.

ஃபைல் அதில்தான் கிடந்தது. மேலே என் கையெழுத்தில் ஒரு குறிப்பு: ‘மனுவைப் பெற்றவர் கையொப்பம் இல்லை. திருப்பப்படுகிறது.’ பெற்றதும் நான். கையெழுத்துப் போட மறந்ததும் நான். சரிபார்க்கும் சீட்டில் உட்கார்ந்து ஆட்சேபணை எழுதி, வழக்கப்படி முதல் மேஜை ட்ரேயில் போட்டுவிட்டு, மூன்றாவது சீட்டுக்குப் போயிருக்கிறேன். மறைக்க மனசு வரவில்லை, உள்ளதைச் சொல்லிவிட்டேன். செல்வி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஃபைலை வாங்கித் தன் பேரைப் பார்த்துவிட்டு, “தொலையாம இருக்குதே மேடம், அது போதுங்க” என்றாள்.

மெட்ராஸ் போன ஃபைல்

விட்டுப்போன கையெழுத்துகளைப் போட்டு முடித்தேன், ஆனால் தபாலில் அனுப்பினால் நேரத்துக்குப் போகாது. மெட்ராஸ் ஆபீஸுக்கு ஒரு பகல் முழுக்க போன் போட்டேன். சாயங்காலம் ஒருத்தர் எடுத்தார். அங்கேயும் மொத்த செக்‌ஷனுக்கும் அவர் ஒருவர்தானாம். ஃபைல் கைக்கு வந்தால் மறுநாளே முடித்துத் தருகிறேன், ஆனால் உங்கள் ஆபீஸ் ஆள்தான் கொண்டுவர வேண்டும் என்றார். ஆபீஸில் ஏது ஆள்? நான் போனால் ஆபீஸைப் பூட்ட வேண்டும்.

கோவிந்தராஜ் அண்ணன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பதினெட்டு வருடம் உழைத்தவரை ஒரே தாளில் அனுப்பிய ஆபீஸ் இது. எந்த முகத்தோடு கேட்பது? அவர் ஒப்படைத்துவிட்டுப் போன பழைய ஆபீஸ் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு கூசிக்கொண்டேதான் போனேன். முழுதும் சொல்லி முடிப்பதற்குள் கடை ஷட்டரை இறக்கிவிட்டார். மொரப்பூர் போய் ரயில் பிடிக்கப் பையைத் தோளில் மாட்டியவர் சொன்னார்: “என் ட்ரேயில கெடந்த ஃபைல்தானம்மா, நான்தான் கொண்டுபோவணும்.”

தக்காளிப் பையோடு

இன்டர்வியூவுக்கு முந்தின நாள் சான்றிதழோடு வந்து இறங்கினார். செல்விக்கு வேலை கிடைத்தது. சேர்ந்து ஒரு மாதம் கழித்து ஒரு பை தக்காளியோடு வந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தாமதம் பண்ணினவளே நான்தானே, எனக்கு எதற்கு என்றேன். பாதி கோவிந்தராஜ் அண்ணனுக்கு என்று பிரித்து வைத்தாள்.

வேலை எப்படி என்று கேட்டேன். அவளுடைய மையத்தில் உதவியாளர் இடம் காலியாம். பாட்டு சொல்லித் தருவது, சமைப்பது, கூட்டுவது, பதிவேடு எழுதுவது எல்லாம் அவள் ஒருத்திதானாம். தனியாகச் சமாளிக்க எங்கே கற்றாய் என்றேன். “உங்களப் பாத்துத்தானுங்க மேடம்,” என்றவள் சிரித்தாள், “ஆனா ட்ரே மட்டும் ஒண்ணே ஒண்ணு வெச்சிருக்கேன்.”

ஆறு பேர் வேலையை ஒருத்தியே பார்த்துவிடலாம் என்று டெல்லி போட்ட கணக்கு சரிதான், வேலை போன ஒரு கோவிந்தராஜ் அண்ணனும் வேலை தேடி வந்த ஒரு செல்வியும் கூட நின்றால்.